நிற்கிற வேலை

"தம்பி, நீங்க ஒரு தொண்ணூத்தி நாலு கிலோ இருப்பீங்களா?"

ஃபோர்க்லிஃப்ட் வாடகைக்கு விடும் யார்டின் முதலாளி, துப்பறிய வந்தவர்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இதுதான். செத்துப்போன லோடுமேனைப் பற்றியும் இல்லை, லாக்கப்பில் உட்கார்ந்திருக்கும் தன் மச்சினனைப் பற்றியும் இல்லை.

பீப்பாய் குனிந்து தன் வயிற்றை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவனுக்கும் உண்டு. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான், அந்த அளவுக்கு ஊர் அவனைப் பீப்பாயாக்கிவிட்டது.

"அது காலையில வெறும் வயித்துல சார். இப்ப சாப்பிட்டாச்சு, நீங்களே ஏதாவது கூட்டிப் போட்டுக்குங்க."

முதலாளி சிரித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வெளுத்த சட்டை, மெதுவான பேச்சு. மேஜை விசிறியைத் தன் பக்கத்திலிருந்து அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார். வாசலில் நிற்கிற டிரைவர்களைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசினார்.

அக்கா சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு சுலபத்தில் வராது. இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரணைப் பிரிவில் வேலை பார்த்தவள். செத்தவன் மேலேயே தப்பைத் தூக்கிப் போட்டு எழுதித் தரச் சொன்ன ஒரு நாள், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து வந்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். பீப்பாயிலிருந்து ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அக்காதான். எங்கேயாவது நாற்றம் அடித்தால் டப்பாவிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். இந்த ஆபீஸில் ஊதுபத்தி வாசனைதான் அடித்தது. ஆனாலும் கிராம்பு வாய்க்குள் போனதைப் பீப்பாய் கவனித்தான்.

"விஷயத்தைச் சொல்லுங்க சார்."

"டைல்ஸ் கிடங்குக்காரர் ஒருத்தர் ரெண்டு டன் தூக்குற வண்டி வாடகைக்குக் கேட்டார் மேடம். அனுப்பினேன். டிரைவர் என் சம்சாரத்தோட தம்பி. வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு லோடுமேன் பின்சக்கரத்துல மாட்டிட்டான். மலை, மலைன்னு கூப்பிடுவாங்க. அங்கேயே உயிர் போயிடுச்சு. 'வண்டிக்குப் பிரேக் பிடிக்கல, ஆளு குடிச்சிருந்தான்'னு கிடங்குக்காரர் புகார் குடுத்துட்டார். மச்சினன் உள்ள இருக்கான். வாயே திறக்க மாட்டேங்கிறான். யார்டுக்கும் பூட்டுப் போடப் போறாங்களாம்."

"செத்தவர் குடும்பம்?"

"குடிச்சிட்டு வந்து விழுந்தான்னு ஆயிட்டா அவங்களுக்கு ஒரு பைசா கிடைக்காது. பாவம்தான்." அவர் கையைக் கூப்பினார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும் மேடம். வண்டி தாங்குறதுக்கு மேல அந்தாளு சுமை ஏத்தினார்னு மட்டும் நிரூபிச்சுக் குடுங்க. வேற எதையும் நோண்ட வேண்டாம்."

"நோண்ட வேண்டாம்னு சொன்னாத்தான் சார் இவங்களுக்குக் கை அரிக்கும்" என்றான் பீப்பாய்.

வெளியே மஞ்சள் வண்டிகள் வரிசையாக நின்றன. கடைசி வண்டியைச் சுற்றிப் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கரங்கள்தான் சுமையைத் தூக்கும். பின்பக்கம் ஒரு பெரிய இரும்புக் கட்டி, முன்னால் ஏறும் சுமைக்கு ஈடாக. அந்தக் கட்டி இல்லையென்றால் வண்டி மூக்குக் குப்புற விழும்.

"நம்ம ஸ்கூட்டர் மாதிரிதான். நான் பின்னாடி ஏறினா முன்சக்கரம் பறக்குதுல்ல" என்று பீப்பாய் அந்த இரும்புக் கட்டியின் மேல் சாய்ந்தான்.

"நகரு" என்றாள் அக்கா.

கட்டியின் மேல்விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் தேய்ந்து, உள்ளே இருக்கும் இரும்பு வழவழவென்று பளபளத்தது. டிரைவர் ஏறுகிற படி தேய்ந்திருந்தால் நியாயம். யாரும் காலே வைக்காத பின்பக்கத்துக்கு என்ன வந்தது?

"சாயங்காலம் காத்து வாங்க உட்கார்ந்து தேய்ச்சிருப்பாங்க அக்கா."

அக்கா வரிசையில் நின்ற மற்ற வண்டிகளின் பின்பக்கத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, யார்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டு விபத்து நடந்த வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னாள். பிரேக் மிதித்த இடத்தில் நின்றது.

"பிரேக் கதை பொய். முதல் பொய் புகார்லயே இருக்கு. வா, கிடங்குக்குப் போவோம்."

டைல்ஸ் கிடங்கின் முதலாளி மூக்கில் கைக்குட்டையோடுதான் வரவேற்றார். அவர் போட்டிருந்த சென்ட், அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்பே வந்து சேர்ந்தது. அதற்கு அடியில் பினாயில்.

"நல்லாக் கழுவிட்டேன்" என்றார் பெருமையாக. "ஒரு கேன் முழுசா ஊத்தினேன். இப்ப ஒரு வாசனையும் வராது, பாருங்க. இவனால எனக்கு ஒரு நாள் வேலை நாசம். அதான் லோடுமேன்களுக்கு அன்னிக்குக் கூலி கிடையாதுன்னுட்டேன். நின்னு வேடிக்கைதானே பார்த்தானுங்க."

பீப்பாய் அவருடைய சென்ட் எட்டாத தூரத்துக்கு நகர்ந்து நின்றான். கூட வேலை செய்தவன் கண்ணெதிரில் நசுங்கிச் செத்திருக்கிறான், இந்த ஆள் வேடிக்கைக்குக் கூலி பிடிக்கிறான்!

"என்ன சரக்கு ஏத்தினீங்க?"

"டைல்ஸ் பெட்டிங்கதான். சின்னச் சின்னப் பெட்டி."

அக்கா விரலை நீட்டினாள். வாசலை ஒட்டி, மரச்சட்டம் அடித்த பிரம்மாண்டமான கிரானைட் பலகைப் பெட்டி ஒன்று பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. அதை நகர்த்த அதன் பிறகு யாரும் துணியவில்லை போலிருக்கிறது. அனுப்பினவர்கள் மரத்தின் மேல் எடையைக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். கிட்டத்தட்ட மூன்று டன்.

"இது ரொம்பச் சின்னப் பெட்டிதான். என்னை மாதிரி" என்றான் பீப்பாய்.

கிடங்குக்காரர் கைக்குட்டையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அக்கா அவரை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்து நடந்தாள். நடக்க நடக்கக் காலடியில் நறநறவென்றது. உடைந்த டைல்ஸ் சில்லு, கத்தி போல. எத்தனை தடவை கூட்டினாலும் போகாத சாமான் அது. வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கெட்டிச் செருப்பு போட்டிருந்தார்கள்.

மாடிப்படிக்குக் கீழே சுவரோரமாக ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. வாசலைப் பார்த்து, குதிகால் இரண்டும் ஒட்டினாற்போல ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. பீப்பாய் பக்கத்தில் தன் காலை வைத்துப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் கால் குழந்தைக் கால் போலத் தெரிந்தது.

"மலையோடதா?" என்று கேட்டாள் அக்கா, வலது காலைச் சரியாக ஊன்றாமல் நின்றிருந்த மூன்று லோடுமேன்களைப் பார்த்து.

அவர்களில் வயதானவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"குடிச்சிட்டுத் தள்ளாடி வந்தவர், செருப்பை இவ்வளவு அழகா ஜோடி சேர்த்துக் கழட்டி வெச்சாரா? சரி, வெச்சாருன்னே வெச்சுக்குவோம். அப்புறம் இந்தச் சில்லு மேல வெறுங்காலோட நடந்து வண்டிக்குப் பின்னாடி போனாரா?" கிடங்குக்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்க நடப்பீங்களா சார்? செருப்பைக் கழட்டிட்டு வாசல் வரைக்கும் போய்ட்டு வாங்க, பார்ப்போம்."

கிடங்குக்காரர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அவர் நடக்கலை. இந்தப் படியில இருந்தே எங்கயோ ஏறியிருக்கார். செருப்பு வழுக்கற மாதிரி ஒரு இடத்துல. அண்ணே, உங்க பேன்டைக் கொஞ்சம் மேல தூக்குங்க. வலது கால்."

பெரியவர் தயங்கித் தயங்கித் தூக்கினார். கெண்டைச் சதையில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம், மேலே மஞ்சள் களிம்பு. மற்ற இரண்டு பேருக்கும் அப்படியே.

"வெந்நீர் கொட்டிடுச்சுங்க" என்றார் பெரியவர் தரையைப் பார்த்து.

"மூணு பேருக்குமா?" பீப்பாய் குனிந்து மூன்று கால்களையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒரே காலு, ஒரே உயரம். ரொம்ப ஒழுங்கான வெந்நீர்ங்க. ஸ்கேல் வெச்சு அளந்து கொட்டியிருக்கு."

பெரியவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "வண்டி பின்பக்கம் அனல் வரும்மா. புகைக்குழாய் அங்கதான் இருக்கு. நிக்கும்போது காலு வெந்துடுச்சு" என்று குழந்தை போல விசும்பினார்.

கதை வெளியே வந்தது. சின்ன வண்டி, பெரிய பெட்டி. தூக்கியதும் வண்டியின் பின்பக்கம் தரையை விட்டு எழும்பியது. 'ஏறுங்கடா' என்று கிடங்குக்காரர் கத்தினார். ஈடு கட்டுவதற்காக நான்கு பேர் அந்த இரும்புக் கட்டியின் மேல் ஏறி, மூட்டைகளைப் போல நெருக்கி நின்றார்கள். வண்டி பின்னால் நகர்ந்தது. வாசல் மேட்டில் சக்கரம் குதித்தது. ஓரத்தில் நின்ற மலை விழுந்தான். விழுந்தவன் மேல்தான் அந்த வண்டியும், மூன்று டன் கல்லும், மற்ற மூன்று பேரும் ஏறிப் போனார்கள்.

"நாங்களும் மேல இருந்தோம்மா" என்றார் பெரியவர். "எங்க எடையும் சேர்ந்துதான் அவரை நசுக்குச்சு."

கிடங்குக்காரர் குறுக்கிட்டார். "எல்லாரும் பண்றதுதான் மேடம். பெரிய வண்டி வாடகை கட்டுப்படி ஆகுமா? ஆளுங்க சும்மாதானே நிக்கறானுங்க, கொஞ்சம் மேல ஏறி நின்னா என்னவாம்?"

"மலையையும் நீங்கதானே ஏத்தினீங்க?"

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாது! அன்னிக்குத்தான் அவன் மூஞ்சியையே பார்த்தேன். இதை மட்டும் எங்க வேணாலும் வந்து சத்தியம் பண்றேன்."

அன்றைக்குக் கேட்ட பொய்களிலேயே துணிச்சலான பொய் இதுதான் என்று பீப்பாய் மனதுக்குள் பரிசு கொடுத்தான். செருப்பை இருந்த இடத்திலேயே வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டான். சாட்சி சொல்ல வருவதாகப் பெரியவர் ஒப்புக்கொண்டார்.

வெளியே வந்ததும் அக்கா இரண்டு கிராம்பு போட்டாள்.

"முடிஞ்சுதுல்ல அக்கா? யார்டுக்காரர் கேட்டது கிடைச்சாச்சு. ஓவர்லோடு. போய்ச் சொல்லிட்டு விசிறிக் காத்துல கொஞ்ச நேரம் உட்காருவோம். இந்தாளு சென்ட் நாத்தம் மூளை வரைக்கும் போயிடுச்சு."

"மலை குடிப்பாரான்னு அவர் வீட்டுல யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப இன்னும் முடியலை."

வீடு என்பது ஒரே அறை. ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய ஒடுக்கமான மாடிப்படி. பீப்பாய் பக்கவாட்டில் திரும்பித்தான் ஏற வேண்டியிருந்தது. மலை தினமும் எப்படி ஏறி இறங்கினான் என்று யோசித்துக்கொண்டே போனான்.

மலையின் மனைவி ஒரு கேன்டீனுக்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். குச்சி போன்ற உடம்பு. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "வெங்காயம்தான்" என்றாள், யாரும் கேட்காமலே. "இன்னிக்குக் குடுக்கணும். அவங்களுக்கு என் வீட்டு விஷயம் தெரியாதுல்ல."

அக்கா தரையில் உட்கார்ந்து தானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டாள். இரண்டு வெங்காயம் உரித்த பிறகுதான் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் குடிப்பாராம்மா?"

"இருமல் மருந்து குடிச்சாலே வாந்தி எடுப்பார். குடிச்சிருந்தார்னு போலீஸ்ல சொன்னாங்களாம். பள்ளிக்கூடத்துல என் பிள்ளைங்ககிட்டயே ஒரு பையன் கேட்டிருக்கான், உங்கப்பன் குடிச்சிட்டுச் செத்தானாமேன்னு." கத்தி நின்றது. "காசு வருதோ வரலையோ, அந்தப் பேச்சு மட்டும் போயிட்டாப் போதும்மா."

"லோடு வேலைக்கு எத்தனை நாளா போறார்?"

"அவருக்குத்தான் முதுகு போயிடுச்சே. ஒரு குடம் தண்ணி தூக்க முடியாது, மாடிக்கு நான்தான் தூக்குவேன்."

பீப்பாயும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தூக்க முடியாத லோடுமேனா?

"அப்ப என்ன வேலைக்குப் போனார்?"

"நிக்கிற வேலைன்னு சொன்னார். சும்மா நின்னாலே கூலியாம். ஒரு வருஷத்துக்கு மேல போறார். நின்னா யாரும்மா கூலி குடுப்பாங்கன்னு எனக்கும் சந்தேகம்தான். கேட்டா வெக்கப்படுவாரேன்னு விட்டுட்டேன்."

"வலது காலு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்? கரிக்கட்டை மாதிரி இருக்கும். ஆறி வரும், மறுபடியும் வெந்து வருவார்."

அக்காவின் கையிலிருந்த வெங்காயம் அப்படியே நின்றது. பீப்பாய்க்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவன் கண் கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. சுவரெல்லாம் காரை பெயர்ந்த அந்த அறையில், புதுக் கருக்குக் கலையாமல் ஒரு எடை பார்க்கும் மெஷின்.

"எங்க வீட்டுல இதை வாசல்படி தாண்டவே விட மாட்டோம்" என்று ஆரம்பித்தவன், அக்காவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான்.

"வேலை குடுத்தவங்க குடுத்தது" என்றாள் அவள். "வாரா வாரம் ஏறி நின்னு எடை சொல்லணும். குறைஞ்சா கூலியும் குறையும். அரிசி, எண்ணெய், முட்டை எல்லாம் அங்கயிருந்தே வந்துடும். டிரைவர் தம்பி கொண்டுவந்து வெச்சிட்டுப் போவார். இது எனக்கு வந்தது இல்ல, என் எடைக்கு வந்ததுன்னு இவர் சொல்லுவார். ஆனா முட்டையை எல்லாம் பிள்ளைங்களுக்குக் குடுத்துடுவார். எடை பார்க்கிற அன்னிக்குச் சொம்பு சொம்பாத் தண்ணியைக் குடிச்சிட்டு மெஷின் மேல ஏறுவார்."

பீப்பாய்க்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. பன்றியைத்தான் இப்படி வளர்ப்பார்கள். அதைக்கூடத் தன் வீட்டுக்கே தராசைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டார்கள்.

"வேலை குடுத்தவர் யாரு?"

"நான் பார்த்ததே இல்ல. டிரைவர் தம்பியை மட்டும்தான் தெரியும்." அவள் மெஷினைக் காலால் தள்ளினாள். "இதை எடுத்துட்டுப் போயிடுங்க. அவங்க சாமான் அவங்ககிட்டயே போகட்டும்."

ஸ்கூட்டரில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பீப்பாய் திட்டிக்கொண்டே வந்தான். அவனுக்குத் தெரிந்த வசவுகள் தீர்ந்து, புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. "அந்தச் சென்டு நாத்தம் பிடிச்சவன் மேஜையிலேயே இதைப் போட்டு உடைக்கணும் அக்கா. கிடங்குக்கு இடது பக்கம் திரும்புங்க... இடதுக்கா, இடது!"

ஸ்கூட்டர் வலது பக்கம் திரும்பியது.

யார்டில் விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி எழுந்து நின்று வரவேற்று, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பீப்பாய் மெஷினைத் தரையில் வைத்தான்.

"ஓவர்லோடு நிரூபணம் ஆயிடுச்சு சார். பெட்டி மேல எடை இருக்கு. லோடுமேன்கள் சாட்சி சொல்லுவாங்க" என்றாள் அக்கா.

"ரொம்ப நன்றி மேடம். என் வயித்துல பாலை வார்த்தீங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. காலையில இருந்தே எனக்கு ஒரு சந்தேகம். பீப்பாய், அது மேல ஏறு."

பீப்பாய் ஒன்றும் புரியாமல் ஏறினான். குனிந்து பார்த்தால் வயிறு மறைத்தது. சுற்றி வளைத்து எட்டிப் பார்த்துப் படித்தான். "தொண்ணூத்தி ஆறு. ஐயய்யோ, எங்கம்மா கேட்டா சோறு போட மாட்டா."

"ரெண்டைக் கழிச்சுக்குங்க தம்பி" என்றார் முதலாளி, கண்ணாடியைத் துடைத்தபடியே. "அது ரெண்டு கூடத்தான் காட்டும்."



பீப்பாய் மெஷினை விட்டு இறங்கவில்லை.

"இதைச் செத்தவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில இருந்து இப்பத்தான் எடுத்துட்டு வரோம்" என்றாள் அக்கா. "ரெண்டு கூடக் காட்டும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெஷினை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். "இல்ல... பொதுவா எல்லா மெஷினும்..."

"காலையில பீப்பாயைப் பார்த்ததுமே தொண்ணூத்தி நாலுன்னீங்க. கறிக்கடைக்காரர்தான் அப்படிப் பார்த்து எடை சொல்லுவார். கிடங்குக்காரர் வண்டி எடுத்தது ஒரு நாள். மலையோட கால் ஒரு வருஷமா வெந்து வெந்து ஆறியிருக்கு. உங்க யார்டுல நிக்கிற எல்லா வண்டிக்கும் பின்னாடி பெயிண்ட் தேய்ஞ்சு கிடக்கு. கிடங்குக்காரர் ஆயிரம் பொய் சொன்னார். ஆனா மலையை அன்னிக்குத்தான் பார்த்தேன்னு சொன்னது நிஜம். வண்டியோட சேர்த்து அந்த ஆளையும் நீங்கதான் வாடகைக்கு அனுப்பியிருக்கீங்க."

பீப்பாய் மனதுக்குள் கொடுத்த பரிசைத் திருப்பி வாங்கிக்கொண்டான். துணிச்சலான பொய்க்காரர் இங்கே விசிறியைத் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

முதலாளி பேச ஆரம்பித்தபோது குரலில் பயம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

"பெரிய வண்டி வாங்கறது லேசா மேடம்? சின்ன வண்டி, கூட ஒரு ஆள். வாடிக்கைக்காரருக்கும் மலிவு, எனக்கும் மலிவு, அவனுக்கும் சோறு. இதுல யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"இன்னொரு இரும்புக் கட்டியை வெச்சிருக்கலாமே சார்" என்றான் பீப்பாய்.

"இரும்பைத் தூக்கி வைக்க ரெண்டு ஆள் வேணும் தம்பி. அப்புறம் இறக்கணும். இவன் தானா ஏறுவான், தானா இறங்குவான்." அவர் அதை மிகவும் சாதாரணமாகச் சொன்னார், விலை விவரம் சொல்வது போல. "முதுகு போனவனை வேற யாரு வேலைக்கு வெச்சுப்பாங்க? நான் வெச்சேன். அவன் வீட்டு அடுப்பு எரிஞ்சது என்னாலதான். நன்றி மறந்து பேசாதீங்க."

"நன்றியா?" அக்கா கிராம்பு டப்பாவைத் திறந்தாள். காலியாக இருந்தது. அதைக் குப்பைக் கூடையில் போட்டாள். "உங்க மச்சினனைக் காப்பாத்தத்தான் என்னைக் கூப்பிட்டீங்கன்னு நினைச்சேன். அரிசியும் முட்டையும் கொண்டுபோனது அவன். எல்லாம் தெரிஞ்சவன் அவன். உறவுக்காக வாயை மூடிட்டு உட்கார்ந்திருக்கான். அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள கிடங்குக்காரர் தலையில எல்லாத்தையும் கட்டி கேஸை முடிச்சிடணும், அதுக்குத்தான் நான். அதனாலதான் வேற எதையும் நோண்ட வேண்டாம்."

"நான் குடுத்த வேலைக்கு நான்தானே மேடம் காசு குடுக்கறேன்?"

அவர் காலையில் கொடுத்த அட்வான்ஸ் கவரை அக்கா மேஜையில் வைத்தாள். விரல் நுனியால் பிடித்து, எதையோ வழித்துப் போடுவது போல வைத்தாள். பிறகு போனை எடுத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள். "குடிக்கலை சார். பிரேக்கும் ஃபெயில் ஆகலை. கிடங்குக்காரர் ஒரு பாதி. இன்னொரு பாதி இங்க என் எதிர்ல உட்கார்ந்திருக்கு. வாங்க. முதல்ல அந்தப் பையன்கிட்ட போய், உங்க மாமா வாயைத் திறந்துட்டார், இனி நீ மூடி வெச்சுப் பிரயோஜனம் இல்லைன்னு சொல்லுங்க. அப்புறம், அந்தக் குடிச்சிருந்தார்ங்கிற வரியை அடிச்சிடுங்க. அவர் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும்."

பீப்பாய் மெஷினிலிருந்து இறங்கி வெளியே வந்தான். காற்று வேண்டியிருந்தது. யார்டின் நடுவில் ஒரு லாரி நின்றது. அதன் மேல் ஒரு மஞ்சள் வண்டியை ஏற்றிச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ, யாருக்கோ வாடகைக்குப் போகிறது. எவனாவது விலை மலிவு என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பான்.

ஆபீஸ் சுவரோரமாக ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. பெரிய செருப்பு. வாசலைப் பார்த்து, குதிகால் ஒட்டி, ஒழுங்காக வைத்திருந்தது.

பீப்பாய் மெதுவாக நிமிர்ந்து பார்த்தான். லாரியின் மேல், வண்டிக்குப் பின்னால், அவனைவிட ஒன்றரை மடங்கு பருமனான ஒருவர் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டுப் பொட்டலம். தலையை வழித்துச் சீவி, சட்டைப் பொத்தான் எல்லாவற்றையும் போட்டு, வேலைக்கு முதல் நாள் போகிறவருடைய பதற்றத்தோடு இருந்தார்.

"அண்ணே, என்ன வேலைக்குப் போறீங்க?"

"நிக்கிற வேலை தம்பி" என்றார் அவர் சந்தோஷமாக. "இன்னிக்குத்தான் சேர்ந்தேன். தூக்கற வேலை எல்லாம் கிடையாதாம்."

பீப்பாய் அந்தச் செருப்பு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு போய், லாரிக்குக் கீழே அவர் கால் படுகிற இடத்தில் வைத்தான். பிறகு மேலே கையை நீட்டினான்.

"இறங்குங்க அண்ணே. போட்டுக்குங்க. வேலை இல்ல."

அவர் முகம் வாடிவிட்டது. பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குனிந்து கேட்டார்.

"ஏன் தம்பி, எடை பத்தலையா?"